தாத்தாவின் கைலி, பேத்தியின் போர்வை

(தொடர்கல்வி மையத்தில் பெண்கள் கூட்டத்துக்கான உரை)

 

வீட்டு வேலையை முடித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். சிலர் கையில் குழந்தையோடு வந்திருக்கிறீர்கள். இன்றைய பேச்சு துணியைப் பற்றியது. பழைய துணியை வைத்துப் போர்வை தைப்பது பற்றியது. அதிலும் கட்டம் போட்ட துணியில் தைப்பது பற்றியது.

எல்லார் வீட்டிலும் ஒரு பெட்டி இருக்கும். அல்லது ஒரு மூட்டை இருக்கும். அதில் பழைய கைலி இருக்கும். நைந்த சேலை இருக்கும். கிழிந்த படுக்கை விரிப்பு இருக்கும். பாத்திரக்காரர் வந்தால் அதைப் போட்டு ஒரு கிண்ணம் வாங்குவோம். இல்லாவிட்டால் கரித்துணி ஆக்குவோம். ஆனால் அந்த மூட்டைக்குள் ஒரு நல்ல போர்வை இருக்கிறது. அதை வெளியே எடுக்கக் கொஞ்சம் கணக்கு வேண்டும். கொஞ்சம் பொறுமை வேண்டும்.

ஊருக்கு ஒரு பெயர்

பழைய துணியை அடுக்கித் தைப்பது நம் நாடு முழுவதும் உள்ள வழக்கம். ஊருக்கு ஊர் பெயர்தான் வேறு.

வங்காளத்தில் இதற்குக் காந்தா என்று பெயர். பழைய சேலை, வேட்டி ஆகியவற்றை அடுக்கித் தைப்பார்கள். தைக்கிற நூலைக்கூட அந்தக் காலத்தில் கடையில் வாங்கவில்லை. பழைய சேலைக் கரையிலிருந்து வண்ண நூலை உருவி எடுத்துக்கொண்டார்கள்.

பீகாரில் இதற்குச் சுஜனி என்று பெயர். பிறந்த குழந்தையைப் படுக்க வைக்கத் தைப்பார்கள். முசாபர்பூர் மாவட்டத்தில் பூசுரா என்று ஒரு கிராமம் உண்டு. 1988-ஆம் ஆண்டு அங்கே பெண்கள் இந்த வேலையை மீண்டும் தொடங்கினார்கள். பூவும் மயிலும் மட்டும் தைக்கவில்லை. வரதட்சணைக் கொடுமையையும், பெண் குழந்தை படிப்பதையும் துணியில் தைத்தார்கள்.

மராட்டியத்தில் இதற்குக் கோதடி என்று பெயர். வட கர்நாடகத்தில் கௌதி. குஜராத், ராஜஸ்தான் பக்கம் ரல்லி. கர்நாடகத்தில் உத்தர கன்னட மாவட்டத்துக் காட்டுப் பகுதியில் சித்தி மக்கள் வாழ்கிறார்கள். அவர்களுடைய முன்னோர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்கள். அவர்கள் தைப்பது கவந்தி. கவந்தியின் மூலைகளில் மடித்த துணித் துண்டுகளை வைத்துத் தைப்பார்கள். அதற்குப் பூலா என்று பெயர். பூலா என்றால் பூ. பூலா இல்லாத கவந்தியை உடுத்தாத உடம்பு போல நினைப்பார்கள்.

பாருங்கள், எத்தனை பெயர்! எத்தனை விதம்! தைத்தவர்கள் எல்லாம் யார்? பெரும்பாலும் பள்ளிக்கூடம் போகாத பெண்கள். அளவுநாடா இல்லாமல் சாண் வைத்து அளந்தவர்கள்.

ஒரு வீட்டை நினைத்துப் பார்ப்போம்

மராட்டியத்தில் புனே நகரம் இருக்கிறது. அங்கே கிர்க்கி பக்கம் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறையாக வாழ்கின்றன. அப்படிப்பட்ட ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் மாமியார், மகன், மருமகள், ஆறு மாதப் பெண் குழந்தை. மாமனார் இறந்து ஓர் ஆண்டு ஆகிறது. அவருடைய நான்கு கைலிகள் பெட்டியில் இருக்கின்றன. எல்லாம் கட்டம் போட்டவை. மார்கழி வருகிறது. புனேயில் அப்போது நல்ல குளிர்.

"அத்தை, மாமாவோட கைலியை வெச்சு பாப்பாவுக்கு ஒரு கோதடி தைக்கலாமா?" என்று மருமகள் கேட்கிறாள்.

மாமியார் உடனே பதில் சொல்லவில்லை. செத்தவர் துணியைக் குழந்தைக்குப் போடலாமா என்று சொந்தக்காரர்கள் கேட்பார்களே என்று யோசிக்கிறார். பிறகு சொல்கிறார்: "பேத்தியைத் தூக்கி ஒரு தடவைகூடக் கொஞ்சலை அவர். அவர் துணியாவது கொஞ்சட்டும். ஆனா ஒண்ணும்மா, கத்தரி வெச்சா வெச்சதுதான். பாத்து வெட்டு."

மாமியார் சொன்னது சரியான பேச்சு. புதுத் துணி என்றால் தப்பாக வெட்டினால் இன்னொரு மீட்டர் வாங்கலாம். இந்தக் கைலி இன்னொன்று கிடைக்காது. அதனால் வெட்டுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலைதான் பெரிய வேலை.

அந்த வேலையை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நெய்த கட்டமா, அச்சடித்த கட்டமா?

கட்டம் போட்ட துணியில் இரண்டு வகை உண்டு.

ஒன்று நெய்த கட்டம். தறியில் நெடுக்காக ஓடும் நூல் பாவு. குறுக்காக ஓடும் நூல் ஊடை. நெசவாளர் நூலுக்கு முதலிலேயே சாயம் போட்டுவிடுவார். பாவில் நான்கு சிவப்பு நூல், நான்கு வெள்ளை நூல் என்று வைப்பார். ஊடையிலும் அதே போல ஓட்டுவார். சிவப்பும் சிவப்பும் சேருகிற இடம் நல்ல சிவப்பு. வெள்ளையும் வெள்ளையும் சேருகிற இடம் வெள்ளை. சிவப்பும் வெள்ளையும் சேருகிற இடம் இளஞ்சிவப்பு. இரண்டு நிற நூலில் மூன்று நிறம் வந்துவிட்டது! நம் கைலி, வங்காளத்துக் காம்சா என்னும் துண்டு, பாலும் பழமும் சேலை எல்லாம் இப்படிப்பட்டவை.

இன்னொன்று அச்சடித்த கட்டம். வெள்ளைத் துணியை நெய்து முடித்த பிறகு மேலே கட்டத்தை அச்சடிப்பார்கள்.

இதைக் கண்டுபிடிப்பது எப்படி? துணியைத் திருப்பிப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே நிறமாக இருந்தால் அது நெய்த கட்டம். பின்பக்கம் வெளுத்து இருந்தால் அச்சடித்த கட்டம். சந்தேகம் இருந்தால் ஓரத்தில் ஒரு நூலை உருவிப் பாருங்கள். நெய்த கட்டத்தில் நூல் கோட்டோடு நேராக வரும். அச்சுக் கட்டத்தில் ஒரே நூலில் நிறம் விட்டுவிட்டு இருக்கும்.

இது ஏன் முக்கியம்? நெய்த கட்டத்தில் கோடுதான் நூல். கோட்டின் மேல் வெட்டினால் நூல் போக்கில் வெட்டியது போல. சுண்ணக்கட்டி வேண்டாம், அளவுகோல் வேண்டாம். கட்டத்தை எண்ணினால் போதும். அச்சுக் கட்டத்தில் அப்படி நம்ப முடியாது. அச்சு கோணலாக விழுந்திருக்கலாம். கோணல் கோட்டில் வெட்டினால் துண்டு இழுபடும். தைத்த பிறகு போர்வை ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும்.

நான்கு சோதனைகள்

முதல் சோதனை: வெளிச்சம். துணியை வெயிலுக்கு நேராகப் பிடியுங்கள். நைந்த இடம் மெல்லியதாகத் தெரியும். கைலியில் உட்காருகிற இடமும், இடுப்பில் சொருகுகிற இடமும் நைந்திருக்கும். சேலையில் கால் தட்டுகிற கீழ்ப்பக்கம் நைந்திருக்கும். நைந்த இடத்தைச் சுற்றிச் சுண்ணக்கட்டியால் வட்டம் போடுங்கள். அது மேல் பக்கத்துக்கு வேண்டாம்.

இரண்டாம் சோதனை: இழுப்பு. துணியை இரண்டு கையாலும் பிடித்து இழுங்கள். நெடுக்கிலும் இழுங்கள், குறுக்கிலும் இழுங்கள். சர்ரென்று விட்டுப்போனால் அந்தத் துணி நடு அடுக்குக்குத்தான் ஆகும். பழைய துணி மெதுவாக இருப்பது நல்லது. ஊசி எளிதாக இறங்கும். குழந்தை உடம்பில் உறுத்தாது. ஆனால் மெதுவாக இருப்பது வேறு, உளுத்துப்போய் இருப்பது வேறு.

மூன்றாம் சோதனை: நெருப்பு. இது பருத்தியா, செயற்கை நூலா என்று அறிய. துணி ஓரத்தில் இரண்டு மூன்று நூலை உருவுங்கள். வீட்டுக்கு வெளியே ஒரு தட்டில் வையுங்கள். பக்கத்தில் ஒரு சொம்பு தண்ணீர் இருக்கட்டும். குழந்தைகள் தள்ளி நிற்கட்டும். தீக்குச்சியால் கொளுத்துங்கள். பருத்தி என்றால் காகிதம் போல எரியும். சாம்பல் பூப்போல உதிரும். செயற்கை நூல் என்றால் உருகும். ஆறிய பிறகு கெட்டியான மணி போல உருண்டு நிற்கும். உருகுகிற துணி குழந்தைப் போர்வைக்கு வேண்டாம். தீப்பட்டால் உடம்பில் ஒட்டிக்கொள்ளும். வியர்வையையும் நன்றாக உறிஞ்சாது. அதோடு, பருத்தி சுருங்குகிற அளவு அது சுருங்காது. இரண்டையும் சேர்த்துத் தைத்தால் துவைத்த பிறகு போர்வை சுருக்கம் சுருக்கமாக நிற்கும்.

நான்காம் சோதனை: சாயம். இதுதான் பலரும் விட்டுவிடும் சோதனை. பலரும் அழுகிற இடமும் இதுதான்.

ஒரு வெள்ளைத் துணித் துண்டை நனைத்துக்கொள்ளுங்கள். கட்டத் துணியின் கரும் நிறப் பகுதியில் வைத்து நன்றாகத் தேயுங்கள். பிறகு இரண்டையும் சேர்த்து வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் அரை மணி நேரம் ஊற வையுங்கள். எடுத்துப் பாருங்கள். வெள்ளைத் துணி வெள்ளையாக இருந்தால் சரி. சிவப்போ நீலமோ ஏறியிருந்தால் அந்தத் துணியில் சாயம் இறங்குகிறது. தனியாக மூன்று நான்கு முறை துவைத்துவிட்டு மீண்டும் சோதியுங்கள். உப்புப் போட்டு ஊற வைத்தால் சாயம் நின்றுவிடும் என்று சொல்வார்கள். அதை நம்பி விட்டுவிடாதீர்கள். உப்புப் போட்டாலும் சோதித்துப் பார்த்த பிறகே தையுங்கள்.

கட்டத் துணிச் சாயம் பற்றி ஒரு வேடிக்கையான செய்தி உண்டு. சென்னைப் பக்கத்துக் கட்டத் துணி பழைய காலத்திலிருந்தே கப்பலேறி வெளிநாடு போனது. வெளிநாட்டில் அந்தத் துணிக்கே மதராஸ் என்று பெயர். 1960-களில் அமெரிக்காவில் சாயம் இறங்குகிற மதராஸ் சட்டையைப் பெருமையாக விற்றார்கள். சாயம் இறங்கும் என்பதற்கு உத்தரவாதம் என்று விளம்பரமே செய்தார்கள். துவைக்கத் துவைக்கக் கட்டங்கள் கலந்து புது நிறம் வருவதை அங்கே விரும்பினார்கள்.

சட்டைக்கு அது சரி. சட்டையைத் தனியாகத் துவைக்கலாம். போர்வை அப்படி அல்ல. அதில் வெள்ளையும் சிவப்பும் பக்கத்தில் பக்கத்தில் தைத்திருக்கும். பிரித்துத் துவைக்க முடியாது. குழந்தை வாயில் வைத்துச் சப்பவும் செய்யும். ஒரு மாத உழைப்பு ஒரே துவைப்பில் போய்விடும்.

புனே வீட்டில் என்ன ஆயிற்று? நான்கு கைலியில் மூன்று பழையவை. அவற்றில் சாயம் இறங்கவில்லை. நான்காவது கரும் சிவப்பு. புதுசு. "போன தீபாவளிக்கு முந்தின தீபாவளிக்கு எடுத்தது. ரெண்டு தடவைதான் கட்டினாரு. இதுதாம்மா நடுவுல வரணும்" என்று மாமியார் ஆசையாகச் சொல்லியிருந்தார்.

மருமகள் அதைச் சோதித்தாள். வெள்ளைத் துணி ரத்தம் பட்டது போல ஆயிற்று. நான்கு முறை துவைத்தாள். அப்போதும் சாயம் இறங்கியது.

"அத்தை, இதை வெச்சா மத்த மூணும் கெட்டுப்போகும்" என்றாள்.

மாமியார் அந்த வெள்ளைத் துணியை வாங்கிப் பார்த்தார். பிறகு கைலியை மடித்தார். "சரி. இது என் தலகாணி உறைக்குள்ள இருக்கட்டும்" என்றார்.

மனசுக்குப் பிடித்த துணி என்பதற்காகச் சேர்க்கக் கூடாது. போர்வைக்குப் பொருந்துகிற துணியைத்தான் சேர்க்க வேண்டும். அது கஷ்டம்தான். ஆனால் அப்படிச் செய்தால்தான் மற்ற மூன்றும் பிழைக்கும்.

எந்தக் கட்டத்தோடு எந்தக் கட்டம்?

எல்லாமே பெரிய கட்டமாக இருந்தால் கண் கூசும். எல்லாமே சின்னக் கட்டமாக இருந்தால் தூரத்திலிருந்து பார்க்க ஒரே நிறமாகத் தெரியும். பெரிய கட்டம் ஒன்று, நடுத்தரம் ஒன்று, பொடிக் கட்டம் ஒன்று என்று எடுங்கள். நடுநடுவே கட்டம் இல்லாத ஒரே நிறத் துணியை வையுங்கள். அப்போதுதான் ஒவ்வொரு கட்டமும் எடுப்பாகத் தெரியும்.

ஒரே நிறத் துணியை எப்படித் தேர்ந்தெடுப்பது? கட்டத் துணியில் இருக்கிற நிறங்களில் ஒன்றை எடுங்கள். அதிகமாக இருக்கிற நிறத்தை விடக் கொஞ்சமாக இருக்கிற நிறம் அழகாகச் சேரும். நீலக் கைலியில் மெல்லிய மஞ்சள் கோடு ஓடுகிறதா? அந்த மஞ்சளை எடுத்துப் பாருங்கள்.

துண்டுகளைத் தரையில் பரப்புங்கள். பத்தடி தள்ளி நில்லுங்கள். கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பாருங்கள். கருமை எல்லாம் ஒரு பக்கம் சேர்ந்திருந்தால் அப்போது தெரியும். இடம் மாற்றி வையுங்கள். இந்த வேலையை மாலை விளக்கில் செய்யாதீர்கள். பகல் வெளிச்சத்தில் செய்யுங்கள்.

இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். சில கட்டங்கள் எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒன்று போலவே இருக்கும். சில கட்டங்கள் அப்படி இருக்காது. ஒரு பக்கம் தடித்த கோடு, மறுபக்கம் மெல்லிய கோடு என்று இருக்கும். அப்படிப்பட்ட துணியில் எல்லாத் துண்டையும் ஒரே பக்கமாக வைத்துத் தையுங்கள். வெட்டும்போதே ஒவ்வொரு துண்டின் மேல் பக்கத்திலும் ஓர் அம்புக்குறி போட்டுவிட்டால் குழப்பம் வராது.

அளவும் கணக்கும்

இப்போது கணக்குப் போடுவோம். சிலேட்டை எடுத்துக்கொள்ளுங்கள்.

குழந்தைப் போர்வை 40 அங்குல அகலம், 50 அங்குல நீளம். ஒவ்வொரு சதுரமும் தைத்த பிறகு 10 அங்குலம் இருக்க வேண்டும். அகலத்துக்கு 4 சதுரம். நீளத்துக்கு 5 சதுரம். மொத்தம் எத்தனை? 20. கட்டத் துணியில் 10, ஒரே நிறத் துணியில் 10.

வெட்டும்போது 10 அங்குலம் வெட்டலாமா? கூடாது. தையலுக்கு இந்தப் பக்கம் அரை அங்குலம், அந்தப் பக்கம் அரை அங்குலம் போகும். அதனால் 11 அங்குலச் சதுரமாக வெட்ட வேண்டும்.

ஒரே நிறத் துணி எவ்வளவு வாங்க வேண்டும்? கடையில் 44 அங்குல அகலத் துணி கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 44-ஐ 11-ஆல் வகுத்தால் 4. ஒரு வரிசைக்கு 4 துண்டு. மூன்று வரிசைக்கு 12 துண்டு. 33 அங்குல நீளம் போதும். ஒரு மீட்டர் வாங்கினால் மிச்சமே வரும். கணக்கு சரிதானே?

ஏட்டுக் கணக்கு சரி. ஆனால் துணி சரியாக வராது. புதுப் பருத்தித் துணி முதல் துவைப்பில் 100-க்கு 3 முதல் 5 வரை சுருங்கலாம். 44 அங்குல அகலம் துவைத்த பிறகு 42 அல்லது 43 ஆகிவிடும். அப்போது ஒரு வரிசைக்கு 4 துண்டு வராது. 3 துண்டுதான் வரும். 10 துண்டுக்கு 4 வரிசை வேண்டும். 4 வரிசைக்கு 44 அங்குல நீளம் வேண்டும். நீளமும் சுருங்கும். அதனால் ஒன்றேகால் மீட்டர் வாங்க வேண்டும். முதலில் துவைத்து, காய வைத்து, இஸ்திரி போட்டு, அதன் பிறகு வெட்ட வேண்டும்.

துவைக்காமல் வெட்டித் தைத்தால் என்ன ஆகும்? பழைய கைலி ஏற்கெனவே சுருங்கிவிட்டது. இனி சுருங்காது. புதுத் துணி இனிமேல்தான் சுருங்கும். போர்வையைத் துவைத்தவுடன் புதுத் துண்டு பழைய துண்டை இழுக்கும். நைந்த துணி தையல் ஓரத்தில் கிழியும்.

இன்னொரு செய்தி. வீட்டில் இரண்டு பேர் வெட்டினால் சாண் வைத்து அளக்காதீர்கள். மாமியார் சாண் வேறு, மருமகள் சாண் வேறு. அளவுநாடா வையுங்கள். அல்லது அட்டையில் 11 அங்குலச் சதுரம் ஒன்று வெட்டிக்கொண்டு அதையே எல்லாத் துண்டுக்கும் வையுங்கள்.

மூன்று அடுக்கு

போர்வைக்கு மூன்று அடுக்கு. மேலே சதுரங்கள் சேர்த்துத் தைத்த துணி. நடுவில் கனம் கொடுக்கிற துணி. அடியில் ஒரே விரிப்பான துணி.

சதுரங்களைச் சேர்க்கும்போது ஒவ்வொரு வரிசையையும் முதலில் தனித்தனியாகத் தையுங்கள். பிறகு வரிசைகளைச் சேருங்கள். மூலையும் மூலையும் சேரும் இடத்தில் முதலில் குண்டூசி குத்துங்கள். பிறகு நடுவில் குத்துங்கள். மூலை சரியாகச் சேர்ந்தால் பாதி அழகு வந்துவிடும்.

நடு அடுக்குக்குப் பழைய பருத்திச் சேலையை இரண்டு மூன்று மடிப்பாகப் போடலாம். பழைய கம்பளியும் போடலாம். பஞ்சு வைத்தால் தையலை நெருக்கமாகப் போட வேண்டும். இல்லாவிட்டால் துவைக்கும்போது பஞ்சு ஒரு மூலைக்கு ஓடிவிடும். அதிகக் கனமும் வேண்டாம். நனைந்த போர்வையைத் தூக்கிப் பிழியப் போவது நீங்கள்தான். நடுவரை காயாவிட்டால் நாற்றம் வரும்.

அடித் துணி எல்லாப் பக்கமும் இரண்டு அங்குலம் பெரிதாக இருக்கட்டும். தைக்கத் தைக்க அது உள்ளே இழுத்துக்கொள்ளும்.

தரையைத் துடைத்துக் காய வைத்து அடித் துணியை விரியுங்கள். நான்கு மூலையிலும் கனமாக எதையாவது வையுங்கள். அதன் மேல் நடு அடுக்கு. அதன் மேல் மேல்துணி. சுருக்கத்தை நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளுங்கள். பிறகு பெரிய பெரிய தையலாக மூன்றையும் சேர்த்து இழையோட்டுங்கள். இது கடைசியில் பிரித்து எடுக்கிற தையல். இதைப் போடாமல் அவசரப்பட்டால் அடித் துணி சுருண்டுகொள்ளும்.

அடுத்தது ஓட்டத் தையல். நடுவில் தொடங்கி ஓரத்துக்குப் போங்கள். சித்திப் பெண்கள் ஓரத்தில் தொடங்கி நடுவுக்கு வருவார்கள். அது அவர்கள் கைப்பழக்கம். அவர்கள் துண்டுகளை வைத்துக்கொண்டே தைத்து வருவதால் சுருக்கம் விழாது. முதலிலேயே மேல்துணியைச் சேர்த்துவிட்டவர்களுக்கு நடுவில் தொடங்குவதே நல்லது.

கட்டத் துணியில் ஒரு வசதி உண்டு. கோடு போட்டுக்கொள்ள வேண்டாம். கட்டத்தின் கோட்டைப் பிடித்துக்கொண்டே ஊசியை ஓட்டலாம். வரிசைக்கு வரிசை இரண்டு அங்குலத்துக்கு மேல் இடைவெளி வேண்டாம். பருத்தி நூலையே பயன்படுத்துங்கள். நைலான் நூல் கெட்டியாக இருக்கிறதே என்று எடுக்காதீர்கள். அது பழைய துணியைக் கத்தி போல அறுத்துவிடும்.

ஓரமும் மூலையும்

போர்வையில் முதலில் நைவது ஓரம்தான். இழுத்துப் போர்த்துவது ஓரத்தைப் பிடித்து. குழந்தை சப்புவதும் ஓரத்தை. அதனால் ஓரப்பட்டிக்கு நல்ல கெட்டித் துணி வேண்டும். நைந்த துணி கூடாது.

எவ்வளவு நீளம் வேண்டும்? 40-ம் 50-ம் 90. நான்கு பக்கம் என்றால் 180 அங்குலம். மூலை மடிக்கவும் முனை சேர்க்கவும் 12 அங்குலம் கூட்டினால் 192. துவைத்த துணி 42 அங்குல அகலம் இருந்தால் ஐந்து பட்டை வெட்ட வேண்டும். ஐந்து பட்டை 210 அங்குலம். ஒட்டுப்போடுவதில் பத்து அங்குலம் போனாலும் போதும். பட்டையின் அகலம் இரண்டரை அங்குலம். சதுரத்துக்கு வாங்கியதோடு ஓரத்துக்கும் சேர்த்துத் துணி வாங்கிவிடுங்கள். பிறகு போனால் அதே நிறம் கிடைப்பது சந்தேகம்.

ஓரத்துக்குக் கட்டத் துணி வைக்கலாமா? வைக்கலாம். நேராக வெட்டினால் கட்டம் நேராக நிற்கும். மூலைவாக்கில் வெட்டினால் கட்டம் வைரம் போலச் சாய்ந்து நிற்கும். பார்க்க மிக அழகாக இருக்கும். ஆனால் மூலைவாக்கில் வெட்டிய துணி இழுபடும். தைக்கும்போது இழுக்காமல் மெதுவாக வைக்க வேண்டும். புதிதாகத் தைப்பவர்கள் நேர்ப்பட்டையே வைக்கலாம்.

பட்டையை முன்பக்கம் வைத்துத் தைத்து, பின்பக்கம் திருப்பி, உள்ளே மடித்து, நெருக்கமாகத் தையுங்கள். மூலைக்கு வந்ததும் வெட்டாதீர்கள். கடித உறையின் மூலை போல மடித்துத் திருப்புங்கள்.

குழந்தைப் போர்வையில் பொத்தான், மணி, கண்ணாடி, தொங்கும் நூல் எதுவும் வேண்டாம். பிய்த்து வாயில் போட்டுக்கொள்ளும். முடிச்சுகளை இரண்டு அடுக்குக்கு நடுவில் ஒளித்துவிடுங்கள். கடைசியில் கையால் ஒரு முறை முழுப் போர்வையையும் தடவிப் பாருங்கள். குண்டூசி ஏதாவது நின்றிருந்தால் தெரியும். குத்தும்போதே குண்டூசிகளை எண்ணிக்கொண்டு, எடுக்கும்போதும் எண்ணுங்கள். எண் படித்ததன் பயன் இது.

மூலையில் ஒரு பெயர்

எல்லாம் முடிந்த பிறகு ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. பெயர் தைப்பது.

கொல்கத்தாவில் குருசதய் அருங்காட்சியகம் என்று ஒன்று உண்டு. அங்கே 19-ஆம் நூற்றாண்டுக் காந்தா ஒன்று இருக்கிறது. தைத்தவர் பெயர் மானதாசுந்தரி தாசி. அப்பாவுக்காகத் தன் கையால் தைத்தது என்ற செய்தி அந்தத் துணியிலேயே தைக்கப்பட்டிருக்கிறது. அந்தக் காலத்தில் காந்தா தைத்த பெண்கள் எத்தனையோ பேர். யார் தைத்தது என்று தெரியாமலே பல காந்தாக்கள் நைந்துபோயின. மானதாசுந்தரியின் பெயர் மட்டும் நூறு ஆண்டு தாண்டி நிற்கிறது. காரணம், நான்கு எழுத்து நூலில் ஓடியதுதான்.

நீங்களும் இப்போது எழுதத் தெரிந்தவர்கள். பென்சிலால் மெல்ல எழுதிக்கொண்டு மேலே ஊசியை ஓட்டுங்கள். தைத்தவர் பெயர், ஊர், ஆண்டு. மூன்றும் போதும்.

புனே வீட்டில் மருமகள் குழந்தை பெயரைத் தைத்தாள். மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "அவர் பேரும் போடேன்" என்றார். "நீங்களே போடுங்க அத்தை" என்று மருமகள் ஊசியைக் கொடுத்தாள். மாமியார் அப்போதுதான் கற்போர் மையத்தில் எழுத்துப் படித்துக்கொண்டிருந்தார். புருஷன் பெயரை வாயால் சொல்லாத தலைமுறை அவர். அன்று அந்தப் பெயரை நூலால் எழுதினார். இரண்டு எழுத்து கோணலாக விழுந்தது. பிரித்துத் தைக்கவா என்று மருமகள் கேட்கவில்லை.

உழைப்புக்கு என்ன விலை?

சிலர் வீட்டுக்கு மட்டும் தைக்காமல் விற்கவும் தைப்பீர்கள். அவர்களுக்காக ஒரு கணக்கு.

ஒருவர் போர்த்துகிற பெரிய போர்வை. துணி, நூல், ஊசி எல்லாம் சேர்த்து 700 ரூபாய் ஆயிற்று என்று வைத்துக்கொள்வோம். தினம் 3 மணி நேரம், 30 நாள் தைத்தாயிற்று. மொத்தம் 90 மணி நேரம். ஒரு வியாபாரி வருகிறார். 1,500 ரூபாய் தருகிறேன் என்கிறார். கையில் மொத்தமாக நோட்டைப் பார்த்தால் மனம் ஆசைப்படும். கழித்துப் பாருங்கள். 1,500-இல் 700 போனால் 800. அதை 90-ஆல் வகுத்தால்? மணிக்கு 9 ரூபாய்கூட வரவில்லை!

மணிக்கு 40 ரூபாய் வேண்டும் என்று நினைத்தால் கூலி மட்டும் 3,600. துணிச் செலவு சேர்த்தால் 4,300. அந்த விலை கிடைக்குமா, கிடைக்காதா என்பது சந்தையைப் பொறுத்தது. ஆனால் எவ்வளவு விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்து விட்டுக்கொடுப்பது வேறு. தெரியாமல் ஏமாறுவது வேறு.

அதனால் ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். முதல் பக்கத்தில் துணிச் செலவு எழுதுங்கள். அடுத்த பக்கத்தில் ஒவ்வொரு நாளும் எத்தனை மணி நேரம் தைத்தீர்கள் என்று எழுதுங்கள். "சும்மா இருக்கிற நேரத்தில் தைத்தது" என்று யாராவது சொன்னால் நோட்டைக் காட்டுங்கள். சும்மா இருக்கிற நேரம் என்று நம் வீட்டில் யாருக்கும் இல்லை. விளக்கு வெளிச்சத்தில், முதுகு வலிக்க, கண் எரியத் தைத்த நேரம் அது.

அடுத்த வாரம் வரும்போது ஆளுக்கு ஒரு கட்டத் துணி கொண்டுவாருங்கள். கைலி, துண்டு, சேலை எதுவானாலும் சரி. ஒரு கை அகல வெள்ளைத் துணியும் வேண்டும். வாளித் தண்ணீரும் சோப்பும் மையத்திலேயே இருக்கும். எல்லார் துணியையும் சேர்ந்து சோதிப்போம். எது நிற்கிறது, எது இறங்குகிறது என்று ஆளாளுக்கு நோட்டில் எழுதிக்கொள்வோம். கத்தரிக்கோல் மட்டும் யாரும் கொண்டுவர வேண்டாம். வெட்டுவது அதற்கு அடுத்த வாரம்.